சம்பந்தி வீட்டு வண்டி

வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாகிவிட்டது. இன்னொரு சுற்று போனால், என்ன சம்பந்தி, பிரதட்சிணம் பண்றீங்களா என்று அம்பலவாணன் கேட்டுவிடுவார்; கேட்டுவிட்டுச் சிரிக்கவும் செய்வார்; அந்தச் சிரிப்புக்கு அப்புறம் மூன்றாவது சுற்றுக்கு வழியில்லை. ஆகவே சிவக்கொழுந்து பின்பக்க விளக்கருகே நின்று, காம்பவுண்டு ஓரத்துச் செம்பருத்தியை ரசிக்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் இறக்கி டயரைப் பார்த்தார். டயர் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கிறதா பாருங்க சார் என்று மெக்கானிக் பஷீர் சொல்லியிருந்தான். தேய்ந்திருந்தால் என்ன அர்த்தம் என்றும் சொன்னான். அது மறந்துபோயிற்று. மாயவரத்திலிருந்து தஞ்சாவூர் வரும்வரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பஷீர் சொன்னதையெல்லாம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டே வந்தார். இந்த வீட்டு கேட்டைத் திறந்ததும் பாதி பறந்துவிட்டது. சம்பந்தி வீட்டு கேட்டுக்கு அப்படி ஒரு சக்தி. உள்ளே காலை வைத்ததுமே முதுகு தானாகக் கொஞ்சம் வளைந்துவிடுகிறது, முகத்தில் தானாக ஒரு சிரிப்பு வந்து உட்கார்ந்துவிடுகிறது, எதைக் கேட்டாலும் ஆமாம் என்கிற தலையாட்டலும் கூடவே வந்துவிடுகிறது. பெண்ணைக் கொடுத்த வீடு. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து, எண்ணூறு பிள்ளைகளை ஒரு அதட்டலில் உட்கார வைத்த மனிதருக்கு, இங்கே வந்தால் காப்பியில் சர்க்கரை போதாது என்று சொல்லக்கூட நாக்கு எழாது. நாக்கு எழுந்து ஏதாவது சொல்லிவிட்டால் அது இவர் தலையில் விழாது, உள்ளே அடுப்படியில் நிற்கிற மகள் மங்கையின் தலையில் விழும். அப்பாவுக்கு நம்ம வீட்டு வண்டியில நம்பிக்கை இல்லையாம்மா என்று ஒரு வார்த்தை. மறுநாள் இன்னொரு வார்த்தை. கல்யாணமாகிப் பதின்மூன்று மாதம்தான் ஆகிறது. அந்தப் பெண் இங்கே இன்னும் எத்தனை வருஷம் இருக்க வேண்டும்.

பஷீரையே கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அவன் வருகிறேன் என்றுதான் சொன்னான். சம்பந்தி கொடுக்கிற வண்டிக்கு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவதா என்று மனைவி ஞானம் வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஞானத்தின் முட்டிகளுக்காகத்தான் இந்த வண்டியே. பஸ் படி ஏற முடியாமல் அவள் கோயிலுக்குப் போய் நான்கு மாதமாகிறது. அது தெரிந்துதான் அம்பலவாணன் போன் செய்தார், நாங்க புது வண்டி எடுக்கறோம் சம்பந்தி, இதை வெளியில தள்ளறதுக்குப் பதிலா நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கட்டுமே என்று. என்ன ஒரு பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மைக்குப் பதிலாக அடியில் மல்லாந்து படுத்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்க்க முடியுமா. விலையைப் பற்றிப் பேச்சே எழவில்லை, சம்பந்திகளுக்குள் பேரம் கிடையாது. பார்த்து வாங்குவதும் கிடையாது என்று இப்போதுதான் புரிகிறது. புதன்கிழமை நல்ல நாள், பன்னிரண்டுக்கு ராகுகாலம், அதற்குள் தாம்பூலம் மாற்றிக்கொண்டு சாவியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஜன்னல் வழியே ஹாலில் தெரிந்த கடிகாரத்தில் பதினொன்று பத்து. ஐம்பது நிமிஷத்தில் ஒரு வண்டியைப் பார்க்காமலே பார்த்து முடிக்க வேண்டும். தோளில் இருந்த துண்டைத் தற்செயலாக நழுவவிட்டு, அதை எடுக்கக் குனிகிற சாக்கில் அடியில் பார்த்தார். தரையில் எண்ணெய்க் கறை இல்லை. அல்லது காலையில் கழுவிவிட்டிருந்தார்கள், ஈரமாக இருந்தது. நிமிரும்போது இடுப்பில் ஒரு பிடி பிடித்தது. பார்த்து சம்பந்தி என்றார் அம்பலவாணன், உண்மையான அக்கறையோடு. அதுதான் சங்கடம். அந்த மனிதர் நல்லவர். உரக்கடை வைத்து நடத்துகிறவர், நாற்பது ஊர் விவசாயிகளோடு பழகியவர், முகத்துக்கு நேரே சிரிக்கத் தெரிந்தவர். பானெட்டைத் திறந்து காட்டியவர் அவரேதான். இஞ்சின் மேல் கையை வைத்துப் பார்க்கணும் சார், ஆறிக் கிடக்கணும், சூடா இருந்தா காலையில ஸ்டார்ட் ஆகல, நீங்க வர்றதுக்கு முன்னாடி தள்ளிக்கிள்ளி ஓட்டி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம் என்று பஷீர் சொன்னது சட்டென்று ஞாபகம் வந்து, தூசி தட்டுகிறவர் மாதிரி கையை வைத்தார். கொதித்தது. உங்களுக்காகத்தான் காலையில எழுந்ததும் ஸ்டார்ட் பண்ணி ஒரு ரவுண்டு போயிட்டு வந்து சூடா வெச்சிருக்கேன் சம்பந்தி, வந்ததும் நீங்க நிக்கக் கூடாது பாருங்க என்றார் அவர். இட்லியைச் சூடாக வைத்திருப்பது போலச் சொன்னார். இதை மோசடி என்று எடுப்பதா உபசாரம் என்று எடுப்பதா. ரொம்ப சந்தோஷம் சம்பந்தி என்று சிவக்கொழுந்து சொன்னார். சொன்னபோதே தன்மேல் எரிச்சல் வந்தது.

மாப்பிள்ளை நிர்மல் இல்லை, திருச்சிக்கு வேலைக்குப் போயிருந்தார். அவர் இல்லாதது ஒரு விதத்தில் நல்லதுதான் என்று நினைத்தார், ஏன் அப்படி நினைத்தோம் என்று அடுத்த நொடியே திடுக்கிட்டார். மாப்பிள்ளை மேல் என்ன குறை. நல்ல வேலை, நல்ல உயரம், தலை தீபாவளிக்கு வந்தபோது ஞானத்தின் கையால் மூன்று அதிரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர். பார்க்க வந்த அன்றைக்கும் இதே மாதிரிதான், ஹாலில் உட்கார்ந்திருந்த பையனைப் பார்க்காதவர் போலப் பார்த்தார் சிவக்கொழுந்து. நெற்றி, காது, விரல் நகம். விசாரித்தார்கள். எப்படி விசாரித்தார்கள்? ஜாதகம் பத்துக்கு எட்டுப் பொருத்தம். உரக்கடை எத்தனை வருஷமாக இருக்கிறது. கோத்திரம், குலதெய்வம். இதே தெருவில் குடியிருந்த பழைய சக ஆசிரியர் ஒருவரிடம் போனில் கேட்டபோது, நல்ல குடும்பம் சார், பையனுக்கு மட்டும் நண்பர் கூட்டம் கொஞ்சம் ஜாஸ்தி என்றார். நண்பர்கள் இருந்தால் நல்லதுதானே என்று இவர் சொன்னார். அங்கே ஒரு இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் அந்த ஆசிரியர் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தாரோ என்று இப்போது தோன்றுகிறது, அன்றைக்கு இவர்தான் அதற்குள் சரி சார் ரொம்ப நன்றி என்று போனை வைத்தார். மேலே கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று ஆகிவிடும், அது மெல்ல அந்த வீட்டுக் காதுக்குப் போகும், நாளைக்கு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டியவர்கள். கேட்காமல் விட்டதை மரியாதை என்று நினைத்தார். ஊரே அப்படித்தான் நினைக்கிறது. பையன் வேலை பார்க்கிற இடத்துக்குப் போய் ஒரு நாள் வாசல் டீக்கடையில் நின்றிருந்தால் போதும். சரி, அதெல்லாம் எதற்கு இப்போது, வண்டியைப் பார்க்க வந்தால் வண்டியைப் பார்க்க வேண்டும். கர்ச்சீப்பை எடுத்தார். கர்ச்சீப்புக்குள் ஒரு காந்தம் இருந்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து பஷீர் பெயர்த்துக் கொடுத்தது. தகட்டில் வைத்தால் ஒட்டும், டிங்கரிங் பண்ணிப் பட்டி அப்பியிருந்தால் ஒட்டாது சார், தூசி துடைக்கிற மாதிரி துடைச்சுக்கிட்டே போங்க, ஒருத்தனுக்கும் தெரியாது. சிவக்கொழுந்து வலது பக்கக் கதவைத் துடைத்தார். காந்தம் கையை இழுத்தது. பின்கதவைத் துடைத்தார். இழுத்தது. ஐயோ, நீங்க எதுக்கு துடைக்கறீங்க, விடுங்க சம்பந்தி, மங்கைகிட்ட ஒரு துணி கொண்டுவரச் சொல்றேன் என்று அம்பலவாணன் உள்ளே குரல் கொடுக்கத் திரும்பினார். அந்த இரண்டு நொடியில் சிவக்கொழுந்து இடது பக்கம் வந்து முன்கதவில் கையை வைத்தார். கர்ச்சீப் வழுக்கிக்கொண்டு கீழே போயிற்று. மறுபடி வைத்தார். மறுபடியும் வழுக்கியது. அந்தக் கதவுக்குக் காந்தத்தோடு ஒரு உறவும் இல்லை.

அதற்கு அப்புறம் காந்தம் தேவைப்படவில்லை. கண் விழித்துக்கொண்டது. வெள்ளை வெள்ளைதானே சார் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்பார்கள். ஜன்னலோரம் கூட்டிப் போய் நிறுத்தி, சுண்ணாம்புச் சுவரையும் சட்டையையும் மேகத்தையும் காட்டி, எங்கே ஒன்று எங்கே இன்னொன்று சொல் பார்ப்போம் என்று கேட்டவர் அவர். இந்த வண்டியில் இரண்டு வெள்ளை இருந்தது. முழு வண்டியும் லேசாக நீலம் கலந்த வெள்ளை, ஆறு வருஷ வெயிலில் மங்கியது. இடது முன்கதவும் அதற்கு முன்னாலுள்ள தகடும் பால் வெள்ளை, நேற்று அடித்தது மாதிரி. வந்ததிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார், பார்க்கக்கூடாது என்று மரியாதை கண்ணை மூடியிருந்தது. சரி, எங்கேயாவது உரசியிருக்கும். தஞ்சாவூர்ச் சந்துகளில் உரசாத வண்டி ஏது. முன்கண்ணாடியின் மூலையில் பொடி எழுத்தில் கம்பெனிக் குறி இருக்கும் சார், எல்லாக் கண்ணாடியிலயும் ஒரே குறி இருக்கணும் என்றான் பஷீர். கழுத்தைத் துடைத்துக்கொள்கிற பாவனையில் குனிந்து பார்த்தார். ஜன்னல்களில் ஒன்று, முன்கண்ணாடியில் வேறொன்று. சரி, கல் அடித்திருக்கும். லாரிக்குப் பின்னால் போனால் கல் தெறிக்காதா. கதவைத் திறந்து, உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கிறவராக இடது முன் சீட்டில் உட்கார்ந்தார். சீட் பெல்ட்டை இழுத்தார். சர்ரென்று வந்தது, கறுத்து, புது வாசனையோடு, மடிப்புக் கலையாமல். டிரைவர் பக்கத்து பெல்ட் வெளிறி, ஓரம் நைந்து, வருஷக்கணக்காகத் தோளில் உரசிய எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கியது. இந்த ஒரு பெல்ட் மட்டும் ஏன் புதுசு. எலி கடித்திருக்கும். எலி கடிக்கும், நிறுத்தி வைத்த வண்டியில் எலி வந்து ஒயரையே கடிக்கும். பெல்ட்டை விட்டார், அது தானாகச் சுருண்டு உள்ளே போயிற்று. அடியில் தைத்திருந்த சின்னத் துணிச்சீட்டில் மாதமும் வருஷமும் அச்சடித்திருந்தது. வண்டியின் வயது ஆறு. பெல்ட்டின் வயது பதின்மூன்று மாதம். எலி பதின்மூன்று மாதத்துக்கு முன்னால், கதவையும் கண்ணாடியையும் பெல்ட்டையும் சேர்த்துக் கடித்திருக்க வேண்டும்.

பதின்மூன்று மாதம். வைகாசி பத்தாம் தேதி கல்யாணம். வைகாசி கழிந்து ஆனி, ஆனி கழிந்தால் ஆடி. புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துக்கொண்டு போக வேண்டும், அது பெற்றவர்களின் பாத்தியதை. சீர்த் தட்டுக்கு ஞானம் அரக்கில் பச்சைக் கரை போட்ட பட்டு வாங்கி வைத்திருந்தாள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் போன். சம்பந்தியம்மாவுக்கு ஒட்டுகிற காய்ச்சல், வீட்டுக்கு யாரும் வர வேண்டாம், மங்கைதான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள், ஆடிக்கு அனுப்ப முடியாதே சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மங்கையும் பேசினாள். அத்தையைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப்பா வருவது என்றாள்; குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. பெண் பொறுப்பாகிவிட்டாள் என்று ஞானம் தெருப்பூராவும் சொன்னாள். முதல் ஆடிக்குப் பெண்ணை அனுப்பாத சம்பந்தியா என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது இவரே அவர்களுக்காக வாதாடினார். பட்டைப் பார்சலில் அனுப்பினார்கள். ஆவணியில் இவரும் ஞானமும் போய்ப் பார்த்தபோது மங்கை முன்முடியை வெட்டி நெற்றியில் புருவம் வரைக்கும் விழ விட்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து ஏற வாரிப் பின்னுகிறவள். என்ன மங்கை, சினிமாக்காரி மாதிரி இருக்கு என்று இவர் கேலி செய்தார். அவள் சிரித்தாள். கையை எடுத்து முடியைச் சரி செய்துகொண்டாள், இவர் தொட்டுவிடக்கூடாது என்கிற மாதிரி. ஒரு மாதம் நோயாளியோடு இருந்த களைப்பு, ஆகவே இளைத்திருக்கிறாள் என்று ஞானம் சொன்னாள். பெற்ற தாயும் தகப்பனும் எதிரில் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டார்கள். இப்போது அந்த முன்முடி கண் முன்னால் நின்று விலகவே மாட்டேன் என்கிறது. அந்த முடிக்குப் பின்னால் என்ன இருக்கிறது. இந்த சீட்டில் உட்கார்ந்திருந்தவள் அவள். இங்கே, இப்போது இவர் உட்கார்ந்திருக்கிற இடத்தில். கேட்க வேண்டும். எழுந்து போய் நேராகக் கேட்க வேண்டும், இந்தக் கதவுக்கு என்ன ஆயிற்று என்று. கேட்டால், ஒன்றும் இல்லையே சம்பந்தி, சும்மா ஒரு சின்ன உரசல் என்பார், இவர் தலையாட்டுவார், அன்றைக்கு இரவு சாப்பாட்டு மேஜையில் உங்க அப்பாவுக்கு யார் சொன்னது என்று மங்கையைக் கேட்பார்கள். கேட்காவிட்டால், பதின்மூன்று மாதமாகக் கேட்காமல் இருந்தது இன்றைக்கும் தொடரும், நாளைக்கும். ஒருவேளை எல்லாமே கற்பனையோ. ரிட்டயரானவனுக்கு வேலை இல்லாவிட்டால் மூளை இப்படித்தான் கோடு இழுத்துக் கோடு இழுத்து இல்லாத உருவத்தை வரையும். எலி இருந்திருக்கலாம். கல்லும் அடித்திருக்கலாம். கதவு தனியாக உரசியிருக்கலாம். மூன்றும் ஒரே மாதத்தில், ஆடிக்கு முன்னால். சீட் பிடிச்சிருக்கா சம்பந்தி, நல்லா சாஞ்சு உட்காருங்க என்று வெளியே இருந்து குரல் வந்தது. அவர் சாய்ந்து உட்கார்ந்தார்.

ஓட்டிப் பார்க்கிற யோசனையைச் சொன்னவரும் அம்பலவாணனேதான். நான் கூட வந்தா உங்களுக்குக் கூச்சமா இருக்கும், மங்கையைக் கூட்டிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க, நான் தாம்பூலத் தட்டை எடுத்து வைக்கச் சொல்றேன் என்றார். மனிதருக்கு மடியில் கனம் இல்லையா அல்லது கனத்தை மறந்தேபோனாரா. மங்கை கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். சிவக்கொழுந்து டிரைவர் சீட்டுக்கு மாறி, எட்டி இடது முன்கதவைத் திறந்துவிட்டார். அவள் அந்தத் திறந்த கதவைப் பார்த்தாள், மெல்லச் சாத்தினாள், பின்கதவைத் திறந்து பின்னால் ஏறிக்கொண்டாள். அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை என்று அவருக்குத் தோன்றியது. இருந்தாலும் ஓட்டினார். ஐம்பத்தெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்தவர், பஷீரின் வண்டியில் மாயவரம் ரதவீதியைச் சுற்றிப் பழகியவர், இரண்டாவது கியரை விட்டு மேலே போவதற்கு யோசிக்கிறவர். தெருமுனை திரும்பி மருத்துவக் கல்லூரிச் சாலைக்கு வந்ததும் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தார், அதுவும் பஷீர் சொன்னதுதான், நேராப் போகுதான்னு பாருங்க சார். போகவில்லை. வண்டி இடது பக்கமாக இழுத்தது. பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது, விட்டால் மறுபடி இடது பக்கம். கண்ணாடியில் மங்கையின் முகம் தெரிந்தது, வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள், காற்றில் முன்முடி விலகி விலகி விழுந்தது. விலகியபோது தெரிந்தது. நெற்றி மேட்டிலிருந்து முடிக்குள் ஏறிப் போகிற ஒரு கோடு, பென்சிலை அழுத்திப் போட்ட கோடு மாதிரி. ஒரு வேப்பமர நிழலில் வண்டியை ஓரங்கட்டினார். இஞ்சினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ ஆகாதோ.

"எத்தனை தையல்?" என்று கேட்டார். பின்னால் திரும்பவில்லை, கண்ணாடியைப் பார்த்துத்தான் கேட்டார்.

அவள் யார் சொன்னது என்று கேட்கவில்லை. "பதினொன்னு" என்றாள்.

அப்புறம் அவளே சொன்னாள், இடையிடையே நிறுத்தி, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. நிர்மலின் நண்பன் வீட்டு விருந்துக்கு வல்லம் பக்கம் போயிருந்தார்கள். திரும்புகையில் குடிச்சிருக்கீங்க, ஓட்ட வேணாம், ஆட்டோவுல போகலாம்னு கெஞ்சினேம்ப்பா, நண்பர்கள் முன்னாடி அசிங்கப்படுத்தறியான்னு கோவம் வந்துடுச்சு. வாய்க்கால் பாலத்துக் கட்டையில் வண்டி இடித்தது. கதவு உள்ளே நசுங்கி, பெல்ட் இறுகி, எடுக்க வரவில்லை. பக்கத்து வயலில் இருந்து ஓடி வந்தவர்கள் அரிவாளால் பெல்ட்டை அறுத்துத்தான் அவளை வெளியே எடுத்தார்கள். நிர்மலுக்குக் கீறல்கூட இல்லை. அம்பலவாணன் ஆஸ்பத்திரிக்கு வந்து, எல்லோர் எதிரிலும் மகனை அறைந்தார். நான்கு நாள் வீட்டுக்குப் போகாமல் அவள் கட்டிலருகிலேயே இருந்தார். அத்தை கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், உங்க அப்பா தாங்கமாட்டார்ம்மா, இனிமே அவன் தொடமாட்டான், என்மேல சத்தியம் பண்ணியிருக்கான் என்றாள். அவங்க ரெண்டு பேரும் என்னை நல்லாத்தான் பார்த்துக்கறாங்கப்பா என்று மங்கை சொன்னாள். அதுதான் சிவக்கொழுந்துக்கு எல்லாவற்றையும்விட மோசமாக இருந்தது. கெட்டவர்களாக இருந்தால் கையை ஓங்கலாம், கத்தலாம், பஞ்சாயத்து வைக்கலாம். பாசத்தால் கட்டிப்போட்ட வீட்டில் எந்தக் கதவைப் போய் உடைப்பது. தொடமாட்டேன் என்றவர் இப்போது எப்படி என்று கேட்டார். வாரத்தில் இரண்டு நாள் என்றாள். சில வாரம் மூன்று. அன்றைக்கெல்லாம் வா வெளியே போகலாம் என்று சாவியை ஆட்டிக்கொண்டு நிற்பாராம், அவள் பின் சீட்டில் ஏறி உட்காருவாளாம், பெண்டாட்டியைப் பின்னால் உட்கார வைத்து நான் என்ன டிரைவரா என்று அதற்கும் சண்டையாம்.

"இந்த வண்டியை வாங்கிட்டுப் போயிடுங்கப்பா. தினமும் இதைப் பார்த்துக்கிட்டு இருக்க முடியல" என்றாள். முன்முடியை இழுத்து விட்டுக்கொண்டு, "ஆனா அங்க ஒண்ணும் கேட்டுடாதீங்க. நான்தானே இருக்கணும்" என்றாள்.

"புது வண்டி?"

"அவர் பேர்லதான் வருது."

திரும்பும்போது வண்டியை அவர் ஓட்டினாரா, வண்டி அவரை ஓட்டியதா தெரியவில்லை. கேட்கக்கூடாது என்று பெண் சொல்கிறாள். கேட்காமல் இருந்தால் இந்த பெல்ட்டும் இந்தக் கதவும் இங்கிருந்து இவரோடு வந்துவிடும், அவள் இங்கேயே புது வண்டியின் பின் சீட்டில் இருப்பாள். வண்டியை வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். வேண்டும் என்றால் சாவியோடு சேர்த்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டதாக ஆகும், பார்த்தார், திருப்திப்பட்டார், எடுத்துக்கொண்டார் என்று. போலீஸ், வக்கீல் என்று யோசனை ஓடியது, ஓடிய வேகத்தில் திரும்பி வந்தது. யார் மேல் புகார், நான்கு நாள் தூங்காமல் உட்கார்ந்திருந்த மனிதர் மேலா. மகனை அறைந்த கை மறுநாள் இவருக்கு போன் செய்து காய்ச்சல் என்று சொன்னதே, அது எப்படி முடிந்தது. முடியும். இவராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார். அந்த நினைப்பு வந்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. அவர்கள் பொய் சொன்னார்கள், இவர் கேட்காமல் இருந்தார், நடுவில் ஒரு பெண்ணை நிறுத்திவைத்து இரண்டு வீடும் ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருந்திருக்கிறது. கேட் வந்துவிட்டது. வாசலில் அம்பலவாணன் தட்டோடு நின்றார், வெற்றிலை, பூவம்பழம், மல்லிகை, நடுவில் சந்தனம் தொட்ட இன்னொரு சாவி. பக்கத்தில் சம்பந்தியம்மா குங்குமச் சிமிழோடு. பன்னிரண்டுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது.

திருப்திதானே சம்பந்தி என்று அம்பலவாணன் கேட்டார். சிவக்கொழுந்து இறங்கி, செருப்பைக் கழற்றினார், துண்டை இடுப்பில் கட்டினார், தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கைக்கு மரியாதை பழகியிருந்தது, அது தன் பாட்டுக்கு வாங்கிவிட்டது. வாய் மட்டும் இன்னும் வரவில்லை. மங்கை படியேறி உள்ளே போய்க்கொண்டிருந்தாள். அவள் முதுகைப் பார்த்தார்.

"முன் சீட்டு பெல்ட்டெல்லாம் புதுசா மாத்தியிருக்கீங்க சம்பந்தி" என்றார். குரல் வழக்கம்போலத்தான் இருந்தது, பாராட்டுகிற குரல். "போன ஆடிக்கு மங்கையை அனுப்ப முடியாமப் போயிடுச்சு. இந்த ஆடிக்குக் கூட்டிட்டுப் போறேன். இன்னிக்கே."

அம்பலவாணனின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, அதற்குப் பின்னால் ஆள் இல்லை. சம்பந்தியம்மா சிமிழை மூடினாள். ஆடி பிறக்க இன்னும் அஞ்சு நாள் இருக்கே என்று அம்பலவாணன் சொல்லிப் பார்த்தார். இருக்கட்டும் என்றார் சிவக்கொழுந்து. நிர்மல் சாயங்காலம் வந்துடட்டுமே, ஒரு வார்த்தை சொல்லிட்டு. போனில் சொல்லிக்கலாம் என்றார் சிவக்கொழுந்து. முதல் ஆடிதானே அழைப்பது வழக்கம் என்று இருவரில் யாரும் சொல்லவில்லை. சொன்னால் அந்த முதல் ஆடியைப் பற்றிப் பேச வேண்டிவரும். இரண்டு சம்பந்திகளும் ஒரு தட்டு தூரத்தில் நின்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரிந்தது இவருக்குத் தெரிந்தது, அதை எடுத்து வெளியே வைக்கத்தான் இருவருக்கும் கை வரவில்லை. கடைசியில் அம்பலவாணன்தான் கண்ணைத் தாழ்த்தினார். மங்கைக்குத் துணிமணி எடுத்து வைக்கச் சொல்லு என்று மனைவியிடம் சொன்னார். சொல்லும்போது அவர் தோள் இறங்கியது; அது தோற்றவன் தோளா, ஒரு வருஷமாகச் சுமந்ததைக் கீழே வைத்தவன் தோளா என்று சிவக்கொழுந்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. பன்னிரண்டுக்குள் கிளம்பினார்கள்.

அய்யம்பேட்டை தாண்டியாயிற்று. மங்கை பின் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார், அழவில்லை. வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே ஓட்டினார், தோள்பட்டை கடுத்தது. சாலையோர நிழல்கள் கண்ணாடியில் விழுந்து விழுந்து போயின. ஞானத்திடம் என்ன சொல்வது என்று ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பெண்ணைக் கட்டிக்கொள்வாள், நெற்றி முடியை ஒதுக்குவாள், அப்புறம் வீடு என்ன ஆகும்.

"ஆடி முடிஞ்சதும் வந்து அழைப்பாங்கப்பா" என்றாள் மங்கை. "மாமாவே வருவார். தட்டோட வருவார்."

"வரட்டும். அனுப்பமாட்டேன்னு சொல்லிடறேன்."

அவள் அவருடைய பிடரியைப் பார்த்தாள். கேலியில்லை, கோபமுமில்லை, பிறந்ததிலிருந்து அவரைத் தெரிந்தவள் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "சொல்லிடுவீங்களாப்பா?"

அனுப்பமாட்டேன். ஒரே ஒரு வார்த்தை. பாபநாசம் வருகிறவரைக்கும் சிவக்கொழுந்து அதை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும், முடிக்கப் போகிற நேரத்தில், சம்பந்தி என்கிற மரியாதையும் ஒரு சின்னச் சிரிப்பும் வந்து அதன் கடைசியில் ஒட்டிக்கொண்டன.